ஒரே வேலையை நூறு முறை செய்ய மறுத்தவர்கள்: கட்டளைக் கோப்புகளின் சிறு வரலாறு

இந்த முறை இலக்கணமும் இல்லை, இலக்கியமும் இல்லை. நம் மேசை மேல் இருக்கும் கணினிக்குள் நடந்த ஒரு வரலாற்றைப் பற்றிப் பேசலாம். ஆனால் அதை என்னுடைய ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக உயர்நிலை நான்கு மாணவர்களைத் தங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வகுப்பும் சேர்த்து 36 பேர், ஆளுக்கு மூன்று பதிவு. மொத்தம் 108 கோப்புகள். பெயர்களைப் பார்க்கணுமே! 'நியூ ரெக்கார்டிங் 7', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'ஆடியோ 2 காப்பி'. ஒவ்வொன்றாகச் சொடுக்கி, வகுப்பும் வரிசை எண்ணும் சேர்த்துப் பெயர் மாற்றினேன். இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தது, எழும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி வந்தாள். "டீச்சர், நீங்க எழுதின குறிப்பு எனக்குப் பொருந்தலயே. நான் அந்தப் படத்தைப் பத்திப் பேசவே இல்ல" என்றாள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேருடைய வரிசை எண்ணை மாற்றிப் போட்டிருந்தேன். நன்றாக முன்னேறியிருந்த பிள்ளை, தான் கொஞ்சமும் முன்னேறவில்லை என்று ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

எங்கள் கணினி ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் நோட்பேடைத் திறந்தார். சில வரிகளைத் தட்டினார், சேமித்தார், இரண்டு முறை சொடுக்கினார். மாதிரிக்கு வைத்திருந்த கோப்புகள் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர் மாறிவிட்டன. "இது புதுசா வந்ததா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இது நம்ம ரெண்டு பேரையும்விட வயசானது" என்றார்.

அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

அட்டைக் கட்டுகளின் காலம்

விண்டோஸில் இப்படிப்பட்ட கட்டளைக் கோப்பை 'பேட்ச் ஃபைல்' என்பார்கள். 'பேட்ச்' என்றால் ஒரு கட்டு, ஒரு தொகுதி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

1950களில் கணினி ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியாது. கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, கட்டாகக் கட்டி, கணினியை இயக்குபவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவர் பலருடைய கட்டுகளை ஒன்றுசேர்த்து வரிசையாக ஓட்டுவார். விடைத்தாள் கட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதைப் போலத்தான். 'பேட்ச்' என்ற சொல் அங்கே பிறந்தது. அட்டைகள் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் இன்னும் நம் கணினியில் இருக்கிறது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில், தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து பயன்படுத்த அது வழி செய்தது. இப்போது மனிதர் நேரடியாகக் கட்டளையைத் தட்டலாம். ஆனால் வசதியோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது: அதே நான்கு கட்டளைகளைத் தினமும் தட்ட வேண்டியிருந்தது.

அங்கே பணியாற்றிய லூயி பூசான் என்ற பிரெஞ்சுப் பொறியாளருக்கு இது எரிச்சலாக இருந்தது. 1960களின் முற்பகுதியில் அவர் 'ரன்காம்' என்ற சிறு நிரலை எழுதினார். அது செய்ததெல்லாம் ஒன்றுதான். கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அந்தக் கோப்பை வாசித்து ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். நடுவில் ஓர் இடத்தை வெற்றிடமாக விட்டு, ஓட்டும்போது வேண்டிய பெயரை அங்கே நிரப்பிக்கொள்ளவும் முடிந்தது. அதாவது, ஒருமுறை எழுதிய அதே கோப்பை வேறு வேறு கோப்புகளுக்குப் பயன்படுத்தலாம்.

கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஓடு என்று பொருள். மல்டிக்ஸ் என்ற அடுத்த அமைப்புக்காக அந்தக் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அதை வைத்து மல்டிக்ஸின் முதல் ஷெல்லை உருவாக்கியதில் முக்கியமானவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண். இன்றும் லினக்ஸ் கணினியில் சில கோப்புகளின் பெயர் 'ஆர்.சி.' என்று முடியும். அது 'ரன்காம்' என்பதன் சுருக்கம்தான்.

சின்னக் கருவிகளும் ஒரு குழாயும்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் கட்டளைகளின் பெயர்கள் மிகச் சிறியவை. பட்டியலிட 'எல்.எஸ்.', நகலெடுக்க 'சி.பி.', இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ 'எம்.வி.', அழிக்க 'ஆர்.எம்.'. இரண்டு இரண்டு எழுத்து, அவ்வளவுதான். அன்றைய டெலிடைப் இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். விசைகளும் கடினமானவை. அதனால்தான் இந்தச் சிக்கனம்.

இன்னொரு சிக்கனம் நட்சத்திரக் குறி. கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரத்தைப் போட்டால் 'இங்கே உள்ள எல்லாம்' என்று பொருள். நூறு பெயரைத் தட்ட வேண்டாம். இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய், 1964இலேயே ஓர் எண்ணத்தைக் குறித்து வைத்திருந்தார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டுவது போல நிரல்களையும் பூட்ட முடிய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1973இல் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். ஒரு கட்டளை தரும் விடை அடுத்த கட்டளைக்குள் நேராகப் பாயும். பட்டியலிடும் கருவி, வரிசைப்படுத்தும் கருவி, எண்ணும் கருவி என ஒவ்வொன்றும் ஒரே வேலையைத்தான் செய்யும். மூன்றையும் பூட்டினால் பெரிய வேலை முடிந்துவிடும். எழுத்தும் சொல்லும் தனியாக நின்றால் ஒரு பொருள், புணர்ந்தால் ஒரு தொடர் என்று நாம் வகுப்பில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

1979இல் ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல், யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. 'இப்படி இருந்தால் இதைச் செய்', 'ஒவ்வொரு கோப்புக்கும் இதைச் செய்' என்று கோப்பிலேயே எழுத அது நன்றாக இடம் தந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பேஷ்' அதன் வழிவந்தது. இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அதுதான் இருக்கிறது.

சுட்டி வந்தது, கட்டளை மறந்தது

பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வந்தது வேறு கிளை. 1981இல் ஐ.பி.எம். தனிநபர் கணினி, டாஸ் இயங்குதளத்தோடு விற்பனைக்கு வந்தது. அதில் பேட்ச் கோப்புகள் இருந்தன. நம் மூத்த ஆசிரியர்கள் சிலருக்கு 'ஆட்டோஎக்ஸெக்' என்ற பெயர் நினைவிருக்கலாம். கணினியைப் போட்டவுடன் தானாக ஓடும் கட்டளைக் கோப்பு அது.

டாஸில் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்துப் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் மூன்று எழுத்து வகைக்குறி. அதற்கு மேல் இடமில்லை. 1995இல் விண்டோஸ் 95 வந்தபிறகுதான் 255 எழுத்து வரை பெயர் வைக்க முடிந்தது. 'ஃபைனல் ஃபைனல்' என்று என் மாணவர்கள் பெயர் வைக்கும் சுதந்திரமும் அன்றுதான் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்!

இதற்கிடையில் 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்து, சுட்டியையும் சின்னச் சின்னப் படங்களையும் பரவலாக்கியது. கோப்பைப் பிடித்து இழுத்து ஃபோல்டரில் போடலாம். கட்டளை எதுவும் தெரிய வேண்டியதில்லை. கணினியைப் பார்த்துப் பயந்தவர்கள்கூட உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். அது பெரிய நன்மை, மறுக்க முடியாது.

ஆனால் ஒன்றை இழந்தோம். சுட்டியால் ஒரு கோப்பை மாற்றுவது எளிது. 108 கோப்பை மாற்றுவது 108 மடங்கு வேலை. அதைவிட முக்கியம், சுட்டியால் செய்த வேலைக்குப் பதிவு இருக்காது. நான் எந்த நிமிடத்தில், எந்த இரண்டு பெயரை மாற்றிப் போட்டேன் என்று தேட என்னிடம் ஒன்றுமே இல்லை. கட்டளைக் கோப்பாக இருந்திருந்தால் 108 வரியும் எதிரே இருந்திருக்கும். ஓட்டுவதற்கு முன்னாலேயே இன்னொருவரிடம் கொடுத்து, பெயர்ப் பட்டியலோடு சரிபார்க்கச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் குறையை நிறுவனங்களும் உணர்ந்தன. ஆப்பிள் 1993இல் ஆப்பிள்ஸ்கிரிப்டைக் கொண்டு வந்தது. மைக்ரோசாஃப்ட் 2006இல் பவர்ஷெல்லை வெளியிட்டது. சுட்டி இருக்கும் இடத்திலேயே கட்டளையும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இரண்டு விபத்துகள்

வரலாறு என்றால் வெற்றியை மட்டும் சொல்லக் கூடாது. நூறு கோப்பை நொடியில் சரிசெய்யும் வரி, நூறு கோப்பை நொடியில் அழிக்கவும் செய்யும்.

1998இல் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கோப்புகள் இருந்த இடத்தில் அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார். கூடவே அந்த நட்சத்திரக் குறி. திரையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. சரி, காப்பு நகல் இருக்குமே என்று தேடினால், அதுவும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. நல்லவேளையாக, கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேலாளர் குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றி, காரில் பத்திரமாக எடுத்து வந்தார்கள்.

இரண்டாவது, நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சல்கள் உலகம் முழுவதும் பரவின. அதோடு இணைந்திருந்தது ஒரு சாதாரண ஸ்கிரிப்ட். திறந்தவுடன் கணினியில் இருந்த படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன்னை அனுப்பியது. இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. அதை எழுதியவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டமே இல்லை. அடுத்த மாதம்தான் சட்டம் வந்தது.

மக்கள் ஏன் அதைத் திறந்தார்கள்? காதல் கடிதம் என்ற ஆசை ஒரு பக்கம். ஆனால் அந்தக் கோப்புக்கு இரண்டு வகைக்குறி இருந்தது: முதலில் சாதாரண உரைக்கான குறி, கடைசியில் ஸ்கிரிப்டுக்கான குறி. விண்டோஸ் இயல்பாகவே கடைசிக் குறியை மறைத்துவிடும். அதனால் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் கடிதமாகத் தெரிந்தது. ஒரு கோப்பின் முழுப்பெயரை வாசிக்கத் தெரிவதும் ஒரு வகை எழுத்தறிவுதான், மாணவர்களே. உங்கள் கணினியில் வகைக்குறியைக் காட்டும் வசதியை இன்றே போட்டு வையுங்கள்.

தமிழ்க் கோப்புகளுக்கு என்ன தொடர்பு?

இங்கேதான் நம் துறைக்கு வருகிறோம். பணி ஓய்வு பெற்ற ஒரு மூத்த ஆசிரியர் ஒரு தம்ப்டிரைவைக் கையில் கொடுத்து, "இருபது வருசக் கேள்வித்தாள்மா, வச்சுக்க" என்றார். திறந்து பார்த்தால் ஒரு வரியும் புரியவில்லை. எல்லாம் ரோமன் எழுத்தும் குறிகளுமாக இருந்தன. கோப்புகள் கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

1980, 90களில் தமிழுக்குப் பொதுவான குறியீடு கணினிகளில் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் போன்ற முயற்சிகளால்தான் நம் பள்ளிகளில் தமிழ்த் தட்டச்சு நடந்தது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையக் குழுவினர் கூடி உருவாக்கிய திஸ்கியும் இருந்தது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றாலும், நம் மேசைக் கணினிகளுக்கு வந்து சேர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

ஆக, அந்தத் தம்ப்டிரைவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். 'தேடி மாற்று' வசதி போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 'கெ' என்பதைப் பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடில் ககரமும் ஒரே உயிர்க்குறியும். உயிர்மெய்யில் மெய் முன்னே, உயிர் பின்னே என்று நன்னூல் மரபில் நாம் கற்பிக்கும் அதே வரிசை! ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

என் கணினி ஆசிரியர் நண்பரும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். அவருக்கு நிரல் தெரியும், தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், நிரல் தெரியாது. எந்தக் குறி எந்த எழுத்து என்று நான் அட்டவணை போட்டேன். அவர் பைத்தான் மொழியில் நாற்பது வரி எழுதினார். முதல் ஓட்டத்தில் ஐகாரம் எல்லாம் தலைகீழாக வந்தது, சிரித்துக்கொண்டே திருத்தினோம். மூன்றாம் ஓட்டத்தில் எல்லாக் கோப்புகளும் வாசிக்க வந்துவிட்டன. உள்ளே, அந்த மூத்த ஆசிரியர் தாமே எழுதிய கருத்தறிதல் பகுதிகள் நிறைய இருந்தன. இன்று அவை எங்கள் வகுப்பில் மறுபடி உயிரோடு இருக்கின்றன.

உங்கள் முதல் கட்டளைக் கோப்பு

பைத்தான் வேண்டாம், எக்ஸெல் தெரிந்தால் போதும். ஒரு நிரலில் பழைய பெயர், அடுத்த நிரலில் புதிய பெயர். மூன்றாம் நிரலில் 'ரென்' என்ற பெயர்மாற்றக் கட்டளையையும் அந்த இரண்டு பெயரையும் இணைக்கும் சூத்திரம். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். அந்த நிரலை நோட்பேடில் ஒட்டி, 'பேட்' என்ற வகைக்குறியோடு அதே ஃபோல்டரில் சேமியுங்கள். பிறகு இரண்டு முறை சொடுக்குங்கள்.

ஓட்டும் முன் இந்த நான்கும் கட்டாயம்:

1. முழு ஃபோல்டரையும் நகலெடுத்து, நகலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பேட்ச் கோப்பு அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

2. எண்களை 01, 02 என்று எழுதுங்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிடும் கருவிக்கு 10 முதலில் வரும், 2 பிறகுதான் வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள்.

3. முதல் முயற்சியில் கோப்புப் பெயருக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் போதும். பழைய கட்டளைச் சாளரம் தமிழைச் சரியாகக் காட்டாது.

4. யாரோ அனுப்பிய கட்டளைக் கோப்பை வாசிக்காமல் ஓட்டாதீர்கள். நோட்பேடில் திறந்தால் வரிக்கு வரி தெரியும். புரியவில்லை என்றால் தொட வேண்டாம்.

பூசானும் தாம்சனும் மெக்கில்ராயும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இதையெல்லாம் செய்தார்கள். எனக்கு மிச்சமானது நேரம் மட்டும் இல்லை. இப்போது பெயர்ப் பட்டியலை முதலில் அச்சடித்து, ஒரு மாணவரையே சரிபார்க்கச் சொல்கிறேன், பிறகுதான் ஓட்டுகிறேன். மூன்று மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. மீதி நேரத்தில் அந்தப் பதிவுகளை நிதானமாகக் காதுகொடுத்துக் கேட்கிறேன். யார் குரல் யாருடையது என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

வகுப்பில் கலந்துரையாட

1. ஒரு வேலையைக் கையால் செய்வதற்கும் கட்டளையாக எழுதிச் செய்வதற்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டை, கட்டுரையிலிருந்து எடுத்துக் கூறுக.

2. 'டாய் ஸ்டோரி 2' நிகழ்வும் 'ஐ லவ் யூ' நிகழ்வும் உணர்த்தும் படிப்பினைகளை ஒப்பிடுக.

3. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்ற இலக்கண அறிவு எவ்வாறு உதவுகிறது? உயிர்மெய் எழுத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.